பத்மாவதி அக்காவும் வெள்ளையடித்த வினையூக்கியும்

அன்று காலை தலவாக்கலையில் என் வீட்டு ஜன்னலைத் திறந்தபோது எதிர் மலையில் புகை இல்லை. தேயிலைத் தோட்டத்து மின்நிலையத்தின் புகைபோக்கி, வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஆளைப் போலச் சும்மா நின்றது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்தப் புகை நின்றதில்லை. தேர்தல் நாளில்கூட நின்றதில்லை. ஏதோ கெட்டது நடந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நல்லது நடந்ததற்காக ஓர் இயந்திரம் நிற்பதை நான் இதுவரை பார்த்ததில்லை.

தேநீர் ஆறுவதற்குள் தொலைபேசி அடித்தது. மின்நிலையத்தில் பாய்லர் ஓட்டும் தங்கவேல் பேசினார்.

"சார், அத்தை போயிட்டாங்க."

"எந்த அத்தை?"

"பத்மா அம்மாதான் சார். விடியக்காலம், தூக்கத்துலயே. டொக்டர் வந்து நெஞ்சுவலின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு." அதோடு சொன்னார்: "இன்னையிலருந்து அவங்க எனக்கு அத்தை. யாராச்சும் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிருங்க. பாய்லர நிப்பாட்டிட்டேன்."

மரணத்தையும் பாய்லரையும் அவர் ஒரே மூச்சில் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. அவை இரண்டும் ஒரே செய்திதான். ஏன் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். பத்மாவதி அக்காவை அறிந்தவர்கள் இதை அவரைப் பற்றிய நினைவாக வாசிக்கட்டும். அறியாதவர்கள் ஒரு புகைபோக்கியின் கதையாக வாசித்தாலும் அவர் கோபிக்க மாட்டார். அவருக்குத் தம்மைப் பற்றிப் பேசுவதைவிடப் புகைபோக்கிகளைப் பற்றிப் பேசுவதே பிடிக்கும்.

வட்டகொடைக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ஒரு தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் அவர் பிறந்தார். தோட்டத்தின் பெயரைச் சொன்னால் கொம்பனி வழக்குப் போடும். சொல்லாவிட்டால் எல்லாத் தோட்டங்களும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளும். இரண்டாவதில் செலவு குறைவு. லயத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பல்கலைக்கழகம் போய், இரசாயனப் பொறியியல் படித்து, வெளிநாட்டு நிலக்கரி மின்நிலையங்களில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் யாரும் எதிர்பாராத விதமாகத் திரும்பி வந்து வட்டகொடையில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார். என்ன உத்தியோகம் என்று கேட்டால், "பிடிபடாததைப் பிடிபடுற மாதிரி ஆக்குறது" என்பார். அவருடைய உறவினர் சிலர் அவர் பொலிசில் இருப்பதாகவே நெடுங்காலம் நம்பினார்கள்.

அவர் பிடித்தது பாதரசத்தை. அதை அவர் எங்கள் ஊருக்கு விளக்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொழுந்தை உலர்த்த விறகு கிடைப்பது அரிதாகி, மின்வெட்டும் சேர்ந்துகொண்ட காலம். கொம்பனி தன் தொழிற்சாலைகளுக்கென்று சின்னதாக ஒரு நிலக்கரி மின்நிலையம் கட்டத் தீர்மானித்தது. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காகப் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளும் வந்தன. தோட்ட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர், "பாதரசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், கெட்டலிஸ்ட் இருக்கிறது" என்று மூன்று மொழிகளிலும் சொன்னார். முன்வரிசையில் இருந்த மாரியாயி எழுந்தார். கொழுந்து பறிக்கிற பெண். வாய்க்குப் பேர் போனவர்.

"அவருக்கும் குவாட்டர்ஸ் கட்டிக் குடுத்திருப்பீங்க. எங்க லயத்துக்குத் தகரம் எப்ப வருது?"

பணிப்பாளர் தம் குறிப்பேட்டைப் புரட்டினார். பின்வரிசையிலிருந்து பத்மாவதி அக்கா எழுந்து வந்தார்.

"மாரியாயி, பச்சைக் கொழுந்தை அப்படியே சுடுதண்ணியில போட்டா சாயம் எறங்குமா?"

"அது எப்படி எறங்கும்? வாட்டணும், அரைக்கணும், காத்துப் பட வைக்கணும். செவந்தப்புறந்தான் எறங்கும்."

"பாதரசமும் அப்படித்தான். நெலக்கரிக்குள்ள கொஞ்சூண்டு இருக்கு. அது எரியாது, ஆவியாகிப் பொகையோட போகும். பச்சைக் கொழுந்து மாதிரி. தண்ணியில கழுவினாலும் ஒட்டாது. அதனால பொகை போற வழியில தேன்கூடு மாதிரி தொளை போட்ட கல்லுங்கள அடுக்கி வைப்பாங்க. அதுக்குள்ள போறப்ப, பொகையில இருக்கிற குளோரின் பாதரசத்தோட சேர்ந்துக்கும். சேர்ந்துட்டா தண்ணியில கரையும். அப்புறம் கழுவிப் பிடிச்சிறலாம். அந்தக் கல்லுதான் கெட்டலிஸ்ட். தமிழ்ல வினையூக்கி."

"அந்தக் கல்லு கரைஞ்சு போயிறாதா?"

"போகாது. அது பக்கத்துல நின்னு வேலை வாங்கும். தான் மட்டும் மாறாது."

"அப்ப நம்ம கண்டாக்குன்னு சொல்லுங்க" என்றார் மாரியாயி.

மண்டபம் சிரித்தது. கண்டாக்கு என்பவர் மலையில் தொழிலாளர்களை மேற்பார்வை செய்கிற உத்தியோகத்தர். அவரும் அங்கே இருந்தார், அவரும் சிரித்தார். நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்ட மனிதர்களே இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதுதான் இதில் பயமுறுத்துகிற விஷயம்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா பணிப்பாளரிடம் ஒன்று சொன்னார். "கல்லோட மேல்தோல்லதான் வேலை நடக்குது. அது மேல எதுவும் படியக் கூடாது. வேலைக்காரங்களுக்கு இதைத் தமிழ்ல எழுதி ஒட்டுங்க." பணிப்பாளர் குறித்துக்கொண்டார். அதன் பிறகு அந்தக் குறிப்பை யாரும் பார்க்கவில்லை.

மின்நிலையம் ஓடத் தொடங்கி நன்றாகவே ஓடியது. கழுவிய தண்ணீரைச் சோதித்தார்கள். பாதரசம் அதில் வந்திருந்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். தண்ணீரில் நஞ்சு இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே மனுஷியை நான் அப்போதுதான் பார்த்தேன். "பிடிச்சிட்டோம்னு அர்த்தம்" என்றார். அந்தத் தண்ணீரின் அடியில் தங்கிய சேற்றைப் பீப்பாய்களில் அடைத்துப் பூட்டி வைத்தார்கள்.

பிறகு தேயிலை வாங்குகிற வெளிநாட்டார் நேரில் பார்க்க வந்தார்கள். தோட்டத்துக்குப் பெரிய மனிதர் யார் வந்தாலும் முதலில் கரைவது சுண்ணாம்புதான். பாதையோரக் கற்கள், வடிகான்களின் விளிம்பு, மரங்களின் அடி, மாட்டுத் தொழுவம், எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிப்பது வெள்ளைக்காரத் துரைகளின் காலத்துப் பழக்கம். துரைகள் போய்விட்டார்கள், சுண்ணாம்பு போகவில்லை. ஒரு தடவை அமைச்சர் வந்தபோது, குறுக்கே போன ஓர் ஆட்டின் முதுகிலும் ஒரு கோடு விழுந்தது. இம்முறை மின்நிலையத்தை ஒரு வாரம் நிறுத்திச் சுத்தம் செய்தார்கள். வந்தவர்களுக்கு மொழிபெயர்க்க, ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியன் என்ற முறையில் என்னை அழைத்தார்கள். அக்கா அந்த வாரம் கண் சத்திரசிகிச்சைக்காகக் கண்டியில் இருந்தார்.

வினையூக்கி அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே எல்லாம் பால் வெள்ளை. வந்தவர்களில் ஓர் அம்மையார் அதைப் படம் எடுத்துக்கொண்டு, இத்தனை தூய்மையான மின்நிலையத்தைத் தான் எங்குமே கண்டதில்லை என்றார். அதை நான் அழகான தமிழில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

சில மாதங்கள் கழித்து, லயத்துத் தண்ணீர்க் குழாய் விஷயமாக அக்காவும் நானும் தோட்ட மெனேஜரைப் பார்க்கப் போனோம். இளைஞர், மரியாதையானவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"மெடம், உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. புகையைக் கழுவுற தண்ணியில இப்ப பாதரசமே இல்லை. மூணு தடவை சோதிச்சாச்சு."

அக்காவின் முகம் மாறியது.

"நெலக்கரி மாறிருச்சா?"

"இல்ல, அதே சரக்குதான்."

"அப்ப எங்க போச்சு?"

"அதான் இல்லைன்னு சொல்றேனே."

"இல்லாமப் போறதுக்கு அது சம்பள உயர்வு இல்ல தம்பி. பாதரசம் காணாமப் போகாது. நம்ம கண்ணுலருந்துதான் போகும்."

மெனேஜர் ஜன்னல் வழியே புகைபோக்கியைக் காட்டினார். "எவ்வளவு வெள்ளையா இருக்கு பாருங்க."

"அது தண்ணி ஆவி. சோத்துப் பானை கொதிச்சாலும் அப்படித்தான் வரும்."

மெனேஜர் விடவில்லை. தேயிலை பதமாக உலர்கிறதா என்று மூக்கால் சொல்லிவிடுகிற டீ மேக்கரை வரவழைத்தார். புகையில் ஏதாவது வாடை வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். டீ மேக்கர் வெளியே போய், கண்ணை மூடி, மலைக்காற்றை நீளமாக இழுத்துவிட்டுத் திரும்பி வந்தார். "ஒண்ணுமே இல்ல சார். சுத்தம்." பல தலைமுறையாக வாடையை நம்பிப் பிழைக்கிற தொழில் அது. அடுப்புப் புகை துளி கசிந்தாலும் தேயிலையில் கண்டுபிடித்துவிடுகிற மூக்கு அது. அதற்குப் பிடிபடாத ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அந்த அறையில் ஒருவரைத் தவிர வேறு யாரும் நம்பத் தயாராக இல்லை.

"பாதரசத்துக்கு வாடை இருந்திருந்தா எனக்கு இந்த உத்தியோகமே கெடைச்சிருக்காது" என்றார் அக்கா.

வெளியே வந்ததும் தங்கவேலைக் கூப்பிட்டு, அந்தச் சுத்தம் செய்த வாரம் என்ன நடந்தது என்று கேட்டார். தங்கவேல் கண்டாக்கைக் கைகாட்டினார். கண்டாக்கு பெருமையோடு சொன்னார்:

"ரெண்டு கோட் அடிச்சோம்மா. பிரஷ் உள்ள போகல. அதனால பூச்சி மருந்தடிக்கிற டாங்கியில சுண்ணாம்பக் கரைச்சு ஊத்தி, ஒவ்வொரு தொளைக்குள்ளயும் பீச்சினோம். ஒரு தொளை விடல. கறுப்பா, பாக்கவே அசிங்கமா இருந்துச்சு."

அக்கா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "நல்லாச் செஞ்சிருக்கீங்க. இதைவிட நல்லா யாராலயும் செஞ்சிருக்க முடியாது."

கண்டாக்கு மகிழ்ந்து போனார்.

இறங்கி வரும்போது அக்கா எனக்கு விளக்கினார். சுண்ணாம்பு கல்லின் தோலை மூடிவிட்டது. அது போதாதென்று, பாதரசத்தோடு சேர வேண்டிய குளோரினையும் அதுவே குடித்துவிடும். தண்ணீரில் பாதரசம் இல்லை என்பது சுத்தத்தின் அடையாளமல்ல. எல்லாம் மேலே போகிறது என்பதன் அடையாளம். மேலே போனது அங்கேயே இருக்காது. பல நாடுகளைச் சுற்றும். எங்கோ ஒரு மழையோடு இறங்கும். நீர்த்தேக்கங்களின் அடிச்சேற்றில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதை வேறொன்றாக மாற்றும். அது மீனுக்குப் போகும், பெரிய மீனில் அதிகமாகச் சேரும். மீனிலிருந்து தின்றவர்களுக்குப் போகும். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குத்தான் அது அதிகம் கெடுதல்.

"எவ்வளவு நாள் எடுக்கும்?" என்று கேட்டேன்.

"அதுக்கு அவசரமே கெடையாது. அதுதான் அதோட பலம்."

அவர் கொம்பனியிடம் கேட்டது ஒன்றுதான். மின்நிலையத்தை நிறுத்திக் கல்லை மாற்ற வேண்டும். கொம்பனி பணிவாகப் பதில் சொன்னது: கல் கெட்டுவிட்டது என்பதற்கு ஆதாரம் தேவை. ஆதாரம் அந்த அறைக்குள் இருக்கிறது. ஒரு கல்லை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். ஆனால் மின்நிலையம் ஓடும்போது அந்தக் கதவைத் திறக்க முடியாது. உள்ளே அடுப்புச் சூடு. ஆகவே நிறுத்துவதற்கு ஆதாரம் வேண்டும், ஆதாரம் எடுப்பதற்கு நிறுத்த வேண்டும். இப்படி வழுவழுப்பான ஒரு வட்டத்தை நான் தத்துவ நூல்களில்கூடப் பார்த்ததில்லை. வருடாந்தச் சுத்திகரிப்பு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். வெள்ளை வெளேரென்ற அந்தப் படத்தைப் பார்த்து ஓர்டர்கள் குவிந்தன; சுத்திகரிப்பு தள்ளிப் போனது. திரும்பவும் தள்ளிப் போனது.

ஒரு நாள் காலை அக்கா பெரட்டுக் களத்துக்கே போனார். வேலைக்குப் போகுமுன் தொழிலாளர்கள் கூடி நிற்கிற இடம் அது. நானும் கூடப் போனேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எல்லோரும் சேர்ந்து அடுப்பை அணைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார். மாரியாயிதான் பதில் சொன்னார்.

"பாதரசம்மா, கோவிச்சுக்காதீங்க. அடுப்பு நின்னா கொழுந்து எடுக்க மாட்டாங்க. கொழுந்து எடுக்கலன்னா எங்களுக்கு அன்னைக்குப் பேரு விழாது. பேரு விழலன்னா சம்பளம் இல்ல. உங்களுக்குப் பென்ஷன் வருது. எங்கயோ மழையில எறங்கப் போறதுக்காக இங்க எங்க அடுப்பு அணையணுமா?"

"சரிதான்" என்றார் அக்கா.

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வரும் வழியில், ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று கேட்டேன். "அவ சொன்னதுல என்ன தப்பு இருக்கு, எதிர்த்துப் பேச?" என்றார். பாதரசம்மா என்ற பெயர் அன்றிலிருந்து நிலைத்துவிட்டது. அவர் அதை ஒரு பட்டம் போல வைத்துக்கொண்டார். கதவைத் தட்டினால் உள்ளிருந்து "பாதரசம் இருக்கேன், வாங்க" என்று குரல் வரும்.

நான் அவரை மறக்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் தங்கவேல் வீட்டுச் சாப்பாடு. அவர் மகள் நிஷாந்தி தலைப்பிள்ளைக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். நீர்த்தேக்கத்தில் தங்கவேல் தூண்டில் போட்டுப் பிடித்த மீன், குழம்பாகவும் பொரியலாகவும் இலையில் வந்தது. பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டாள் என்பதால் வாரந்தோறும் பிடித்துக் கொடுக்கிறாராம். பெரிய மீனாகப் பார்த்துப் பிடிக்கிறாராம். அக்கா தம் இலையைப் பார்க்கவில்லை. நிஷாந்தியின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ளைக்கு இந்த மீன் வேணாம் தங்கவேலு. பெருசு வேணவே வேணாம்."

"ஏம்மா, அளந்து பாத்தீங்களா?"

"இல்ல. யாருமே அளக்கல. அதனாலதான் சொல்றேன்."

தங்கவேல் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "நான் மூட்டுற அடுப்பு எம் பேரப்புள்ளைக்கு வெஷம்னு சொல்றீங்க. என் வீட்டுல ஒக்காந்து, என் சோத்தத் தின்னுக்கிட்டு."

"வெஷம்னு சொல்லல. இல்லைன்னு என்னால சொல்ல முடியல. ஆயுசு முழுக்க இதே வேலை பாத்துட்டு, இந்தப் புள்ளைக்கிட்ட 'பயப்படாம சாப்பிடும்மா'ன்னு சொல்ல முடியல."

நிஷாந்தி மீனை மெதுவாக இலையின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

தங்கவேல் திரும்ப வந்து உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது. "அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"அடுப்பு என்னைக்காவது ஆறும். அன்னைக்குக் கதவத் தொறந்து ஒரே ஒரு கல்ல எடுத்து வையி. மத்தத நான் பாத்துக்கிறேன்."

"அது எங்கம்மா ஆறுது? பாய்லர் ஓட்ட லைசன் இருக்கிறது எனக்கும் என் தம்பிக்கும் மட்டுந்தான். இந்த வீட்டுல ஒரு சாவு விழுந்தாத்தான் ரெண்டு பேரும் ஒண்ணா வெளிய வர முடியும். அப்பதான் அணையும்."

"அப்பா, வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றாள் நிஷாந்தி, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு.

அக்கா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, சாதாரணமாக ஊர்ச் செய்தி விசாரிப்பவர் போலத் தங்கவேலிடம் கேட்டார்: "உங்கப்பாவுக்குக் கூடப் பொறந்த பொம்பளை யாராச்சும் இருந்தாங்களா?"

"இல்லியே. ஏன்?"

"அப்ப அத்தை எடம் காலியாத்தான் இருக்கு."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். மோர் ஊற்றச் சொல்லிக் கேட்டுச் சாப்பிட்டார்.

அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் அவர் இறந்தார். பாதரசத்துக்கும் அவர் மரணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படி யாராவது சொன்னால், அளக்காமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுந்து வந்து கேட்பார்.

வட்டகொடை வீட்டிலிருந்து உடலை அவர் பிறந்த லயத்துக்குக் கொண்டு வந்தார்கள். மெனேஜர் மாலையோடு வந்தார். வருத்தத்தில் குறை வைக்கவில்லை. ஆனால் அவர் கண் அடிக்கடி புகைபோக்கிப் பக்கம் போயிற்று.

"தங்கவேல், சொந்த அத்தையா?"

"எங்கப்பாவுக்குத் தங்கச்சி மொறை சார்."

"எப்படி?"

"ஒரே லயத்துல பொறந்தவங்க."

மெனேஜர் சுற்றிலும் பார்த்தார். தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த மாரியாயி பாட்டை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் சாட்சி சார். தங்கவேலு அப்பன் கல்யாணத்துல இந்தம்மாதான் நாத்தனார் முடிச்சுப் போட்டாங்க." தங்கவேலின் அப்பாவுக்குக் கல்யாணம் நடந்தபோது மாரியாயி பிறந்திருக்கவே மாட்டார். மெனேஜர் தலையசைத்தார். மாரியாயி விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார். அன்று அவருக்கும் பேர் விழவில்லை.

மயானம் போகிற பாதையின் இரு பக்கமும் கற்கள் பளிச்சென்று இருந்தன. கண்டாக்கு தம் கைக்காசில் சுண்ணாம்பு வாங்கி, செய்தி கேட்டதுமே ஆள் வைத்து அடித்திருந்தார். "அம்மாவுக்கு நம்மால முடிஞ்சது" என்று என்னிடம் சொன்னார். கண் கலங்கியிருந்தது. தப்பு மேளம் முழங்க, அந்த வெள்ளைக் கற்களுக்கு நடுவே அக்கா போனார். அவர் அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நல்லாச் செஞ்சிருக்கீங்க என்றுதான் சொல்லியிருப்பார்.

குழியில் மண் போடும்போது தங்கவேலையும் அவர் தம்பியையும் காணவில்லை. அத்தை சாவுக்காக அடுப்பை அணைத்தவர்கள் அத்தையின் அடக்கத்துக்கு வரவில்லை. எங்கே என்று மெனேஜர் கேட்டபோது, துக்கம் தாங்காமல் எங்கோ உட்கார்ந்திருப்பார்கள் என்றார் மாரியாயி. அவர்கள் உட்கார்ந்திருந்தது வினையூக்கி அறையின் கதவருகில், இரும்பு ஆறுவதற்காக. எல்லோரும் கலைந்த பிறகு தங்கவேல் ஒரு கொழுந்துச் சாக்கோடு வந்தார். முழங்கை வரை வெள்ளை. புதுமண்ணின் பக்கத்தில் சாக்கைப் பிரித்தார்.

"அம்மா கேட்ட கல்லு" என்றார். அந்த நேரத்தில் அத்தை என்று சொல்ல அவருக்கு மறந்துவிட்டது.

கல்லைத் தூக்கி ஒரு துளை வழியே வானத்தைப் பார்த்தேன். வெளிச்சம் தெரிந்தது, அடைபடவில்லை. உள்சுவர் மட்டும் சுண்ணாம்பும் சாம்பலும் கலந்து ஓடு போல இறுகியிருந்தது. புகை அதன் வழியே தாராளமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எதையும் தொடாமல், எதுவும் தன்னைத் தொடாமல்.

மறுநாள் காலை புகை எழுந்தது. முன்னைவிட வெள்ளை.

கல்லை இரண்டாக அறுத்து, ஒரு பாதியை அக்கா முன்பு வேலை பார்த்த இடத்துக்கு அனுப்பினேன். சோதித்துவிட்டு ஒரே வரியில் பதில் போட்டார்கள்: இது இப்போது வெறும் கல். அதைக் கொண்டுபோய் மெனேஜரிடம் கொடுத்தேன். கொம்பனி மறுக்கவில்லை. ஆதாரத்தை ஏற்றுக்கொண்டது, நன்றி சொன்னது, அடுத்த முறை மின்நிலையம் நிற்கும்போது கல்லை மாற்றுவதாக உறுதியும் அளித்தது. எப்போது நிற்கும் என்று கேட்டேன். நிற்க வேண்டிய அவசியம் வரும்போது என்றார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். பாய்லர் ஓட்டுகிறவர்கள் எந்தெந்தச் சாவுக்கு வேலையை விட்டு வரலாம் என்பதை இப்போது திட்டமாக வரையறுத்து, தொழிற்சாலை வாசலில் ஒட்டியிருக்கிறார்கள், சுத்தமான தமிழில். தாய், தகப்பன், மனைவி, பிள்ளை, பேரப்பிள்ளை. அத்தை இல்லை. தங்கவேல் அதன் முன்னால் நின்று கடைசிச் சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்ததை நான் பார்த்தேன். நிஷாந்திக்கு அடுத்த மாதம். அவர் தூண்டிலை முறித்து அடுப்பில் வைத்துவிட்டார். அதுவரை தின்றதை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் இல்லை.

கல்லின் மற்றப் பாதி என் மேசையில் இருக்கிறது. அக்காவின் படம் எதுவும் என்னிடம் இல்லை, இது போதும். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர் மலையில் புகை வெள்ளையாக எழுகிறது. இன்றைக்குப் பாய்லர்காரர்கள் வீட்டில் யாரும் சாகவில்லை என்று லயத்தில் இப்போது அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். பார்த்து நிம்மதியாக வேலைக்குப் போகிறார்கள். அவர்களோடு சேர்ந்து நிம்மதி அடைய நானும் முயன்று பார்க்கிறேன். முடியவில்லை. அந்த வெள்ளை கலைந்து ஒன்றுமில்லாமல் ஆகிற இடம் வரை கண் தானாகப் போய், அங்கே அவர் குரலில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறது. அவர் எனக்கு விட்டுப் போனது அதுதான்.

எங்க போச்சு?